கதவுக்குப் பின்னால் பாடியவள்

"டீச்சர், பிரேமாவுக்கு மட்டும் எப்படி ஸ்ருதி சேருது?"

வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிப் போன பிறகுதான் வடிவு இதைக் கேட்டாள். ஜெசிந்தா டீச்சர் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க பாடும்போது நீங்க என்னக்கா பண்ணுவீங்க?"

"கேப்பேன். ஒரு எழுத்து விடாம கேப்பேன்."

"நீங்க பாடும்போது?"

"அவ மூஞ்சியப் பாப்பேன்."

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். மைக்கை உறைக்குள் போட்டாள். ஃபேனை அணைத்தாள்.

வடிவு பதிலுக்காக நின்றாள்.

"பூட்டணும்க்கா," என்றாள் டீச்சர்.

*

பாளையங்கோட்டையில், ஒரு லேடீஸ் டெய்லர் கடைக்கு மேலே இருக்கிற அறை அது. சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். கதவுக்கு மட்டும் ஒட்டவில்லை. அட்டை தீர்ந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் பெண்கள் வந்துவிடுவார்கள். எல்லோருக்கும் ஐம்பது வயதை ஒட்டித்தான் இருக்கும். பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தவர்கள், பேத்தி எடுத்தவர்கள், ஒன்றிரண்டு பேர் இன்னும் வேலைக்குப் போகிறவர்கள்.

டிவியில் பாட்டின் வரி ஓடும். வெள்ளை எழுத்து மஞ்சளாக மாறும்போது பாட வேண்டும். இசை மட்டும் வரும். பாடினவளின் குரலை நீக்கியிருப்பார்கள். அந்தக் காலி இடத்தில் இவர்கள் ஏறி நிற்க வேண்டும்.

நிற்கத்தான் முடியாது. ஒருத்தி மேலே போவாள், ஒருத்தி கீழே போவாள், ஒருத்தி பாட்டு முடிந்த பிறகு வந்து சேருவாள்.

அதனால் ஜெசிந்தா லேசான பாட்டாகத் தேடித் தேடிக் கொடுப்பாள். உச்சிக்குப் போகாத பாட்டு. மூச்சு முட்டாத பாட்டு. நடுவில் புல்லாங்குழல் நீளமாக வருகிற பாட்டு. அதற்குள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.

ஜெசிந்தாவுக்கு வடிவின் மூத்த மகளைவிட வயது குறைவு. சர்ச் கொயரில் பாடி வளர்ந்த பெண். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு அரை வார்த்தை போதும் என்று நினைப்பவள். வகுப்பில் எல்லோரும் அவளுக்கு அக்கா. அவள் எல்லோருக்கும் டீச்சர்.

*

பிரேமா என்கிற பிரேமலதாவின் வீடு வடிவு வீட்டுக்கு நேர் எதிர் வீடு.

ரொம்ப வருஷத்துப் பழக்கம். பிரேமா வீட்டில் கார் வாங்கினார்கள். வடிவுதான் ஆரத்தி எடுத்தாள். பிரேமா மகளுக்குப் பெரிய இடத்தில் சம்பந்தம் வந்தது. வடிவுதான் முதலில் அதிரசத்துக்கு மாவு இடித்தாள். அதிலெல்லாம் அவளுக்கு ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லை. சாமி சத்தியமாக இல்லை.

பாட்டு மட்டும் வயிற்றுக்குள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே மாதிரி பாடத் தெரியாதவர்கள். ஒரே நாளில் வகுப்பில் சேர்ந்தவர்கள். ஒரே ஆட்டோவில் வந்தவர்கள். அப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை பிரேமா பாடி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

வடிவும் தட்டினாள். தட்டின கை இரண்டும் வீட்டுக்கு வந்த பிறகும் காந்தின.

அதன் பிறகு பிரேமா என்ன செய்தாலும் வடிவும் செய்தாள். பிரேமா தேனில் மிளகைக் குழைத்துச் சாப்பிட்டாள். வடிவும் சாப்பிட்டாள், நெஞ்சு எரிந்தது. பிரேமா வீட்டில் பழகுவதற்கு ஒரு ரோஸ் கலர் மைக் வாங்கினாள். வடிவுக்கும் ஒன்று வந்தது. பிரேமா பொன்னிற வார் வைத்த செருப்பு போட்டு வந்தாள். அடுத்த வாரம் வாசலில் அதே மாதிரி இரண்டு ஜோடி கிடந்தன.

"ஏட்டி, இனி எது எஞ்செருப்பு எது உஞ்செருப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்க?" என்று பிரேமா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வடிவு அதை ராத்திரி முழுக்க வைத்துத் துவைத்தாள்.

*

பாடுகிறவர்கள் ஸ்ருதியைக் கட்டை என்று சொல்லுவார்கள். குரல் எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்தக் கட்டை. ஜெசிந்தா ஒவ்வொருத்தியின் குரலையும் கேட்டு, பாட்டை அந்தக் கட்டைக்கு ஏற்றியோ இறக்கியோ வைத்திருந்தாள்.

பிரேமாவுக்கு ஆறு. வடிவுக்கு மூன்றரை.

"மூணரைதானா?" என்றாள் வடிவு.

"மூணரைதான்க்கா."

"அவளுக்கு ஆறு குடுத்திருக்கீங்க."

"அது அவங்க குரல்."

"நான் எப்படி பாடுனா எனக்கு ஆறு கிடைக்கும்?"

பக்கத்தில் இருந்த பாக்கியத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி நர்ஸ். எதற்கும் வாய் சும்மா இருக்காது. "யக்கா, இது என்ன மார்க்கா? ஆறு எடுத்தா டீச்சர் புடவை எடுத்துக் குடுப்பாங்களா?"

"நீ சும்மா இரிட்டி. உனக்கு அஞ்சு. நீ பேசுவ."

*

கல்யாண மண்டபத்தில் வகுப்பின் ஆண்டு விழா என்று முடிவாயிற்று. எல்லோரும் சேர்ந்து சில பாட்டு. ஒருத்தி மட்டும் தனியாக ஒரு பாட்டு.

தனிப் பாட்டு, ஒரு தூளிப் பாட்டு. பழைய படத்தில் பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே அம்மா பாடுவது. ஏறவும் இறங்கவும் அதில் ஒன்றும் கிடையாது. தூளி மாதிரியே நாலு ஸ்வரத்துக்குள் போய்ப் போய் வரும்.

"யாரு பாடுதான்னு டீச்சர்தான் சொல்லணும்," என்றாள் பிரேமா. சொல்லிக்கொண்டே முந்தானையைச் சரிசெய்தாள்.

வடிவுக்கு அந்தப் பாட்டு வேண்டும்.

எதற்கு வேண்டும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவளைப் பிரேயர் பாட நிற்க வைத்திருந்தார்கள். இரண்டாம் நாளே மிஸ் வந்து காதுக்குள் சொன்னார்: "உன் குரல் ஆம்பளக் குரலாட்டம் தனியாக் கேக்கு. நீ வாயை மட்டும் அசை, போதும்."

அன்றிலிருந்து வாயை மட்டும்தான் அசைத்தாள். கோயில் பஜனையில், கல்யாண நலங்கில், பேத்திக்குப் பெயர் வைத்த அன்றைக்கு. இப்போது இந்த வகுப்பிலும், எல்லோரும் சேர்ந்து பாடுகிற பாட்டு வந்தால் வாயை மட்டும் அசைத்தாள். நாலு பேருக்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு பாட்டு, தன் சத்தம் தனியாகக் கேட்க வேண்டும்.

அதைப் பிரேமா கொண்டுபோகப் போகிறாள். கார் இருக்கிற பிரேமா.

*

"டீச்சர், தூளிப் பாட்டை எனக்கும் ஆறு கட்டையில போடுங்க."

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஆறா?" என்றாள் ஜெசிந்தா.

"அவளுக்குப் போட்ட அதே ஆறு."

ஜெசிந்தா லேப்டாப்பில் கட்டையை ஏற்றினாள். போட்டாள்.

முதல் வரியை வடிவு எட்டிப் பிடித்துவிட்டாள். இரண்டாம் வரியில் கால் விரலை ஊன்றிக் கழுத்தை நீட்டினாள். மூன்றாம் வரியில் குரல், புதுத்துணியைக் கையால் கிழிக்கிற மாதிரி, சர்ரென்று நடுவில் பிளந்தது.

கீழே டெய்லரின் தையல் மிஷின் நின்றது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?" என்று படிக்கட்டிலிருந்து அவர் குரல் வந்தது.

அறையே சிரித்தது. பாக்கியம் சுவரில் சாய்ந்து சிரித்தாள். பிரேமா மட்டும் சிரிக்காமல், "நல்லா இருந்துச்சுட்டி, கொஞ்சம்தான்," என்று கை தட்டினாள்.

மற்றவர்கள் சிரித்ததை வடிவு மறந்துவிட்டாள். அந்தக் கைதட்டலைத்தான் மறக்க முடியவில்லை.

*

அதற்குப் பிறகு வடிவு வேறு தெரு வழியாக நடந்தாள்.

"ஏட்டி, ஏன் வாக்கிங் வரல?" என்று பிரேமா கேட்டில் நின்று கூப்பிடுவாள்.

"முட்டு வலி."

"மருந்து போட்டியா?"

"போட்டேன்."

"பாட்டுப் பழகுதியா?"

"அடுப்புல பால் வச்சிருக்கேன்," என்று வடிவு உள்ளே போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

மத்தியானம் எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து தூளிப் பாட்டு வரும். எந்த இடத்தில் பிரேமா மூச்சு வாங்குகிறாள், எந்த எழுத்தில் நழுவுகிறாள் என்று வடிவுக்கு மனப்பாடம். நழுவினால் வயிறு குளிரும். நழுவாமல் தாண்டிவிட்டால் கையில் இருக்கிற பாத்திரம் சத்தமாகக் கீழே வைக்கப்படும்.

கடைசியில் அவள் ஜெசிந்தாவிடம் போனாள்.

"டீச்சர், நான் வகுப்புல இருந்து நின்னுக்கிடுதேன்."

"சரிக்கா."

ஏன் என்று கேட்பாள் என வடிவு நினைத்திருந்தாள். போகாதீங்க என்று சொல்வாள் என்றுகூட நினைத்திருந்தாள்.

"சரின்னா சரிதானா?"

"சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டுப் போங்கக்கா. புது மைக் வந்திருக்கு. சரிபாக்க ஆள் இல்ல."

வடிவுக்குச் சுருக்கென்றது. பாடுவதற்கு அவள். மைக்குக்கு நான்.

ஆனாலும் போனாள். பிரேமாவை ஒருநாளும் இப்படிச் சீக்கிரம் வரச் சொன்னதில்லை என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள்.

*

அறையில் வேறு யாரும் இல்லை. டிவி அணைந்திருந்தது. ஒயர்கள் தரையெல்லாம் சிக்கிக் கிடந்தன.

"அதைக் கொஞ்சம் பிரிச்சு எடுங்கக்கா," என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

வடிவு தரையில் உட்கார்ந்தாள். முடிச்சு மேல் முடிச்சு. பூத் தொடுக்கிற கைக்கு அது வசப்படும். ஜெசிந்தா ஒரு மைக்கை ஸ்டாண்டில் மாட்டி அவள் வாய்க்கு நேரே இறக்கிவைத்தாள்.

"எதையாவது பாடுங்க. சத்தம் வருதான்னு பாக்கணும்."

"எதைப் பாட?"

"வாயில வர்றது."

"மியூசிக்?"

"வேண்டாம்."

"ஸ்ருதி சேருமா?"

"எதோட?"

வடிவு யோசித்தாள். சேருவதற்கு அங்கே ஒன்றும் இல்லைதான். பார்ப்பதற்கு ஒரு மூஞ்சியும் இல்லை. ஒரு முடிச்சு மட்டும் அவிழாமல் அடம்பிடித்தது. நகத்தால் அதை நெம்பிக்கொண்டே தூளிப் பாட்டை முனகத் தொடங்கினாள்.

முடிச்சு அவிழ்ந்தது. அடுத்ததைப் பிடித்தாள். பாட்டும் கூடவே போயிற்று. ஜெசிந்தா எதையோ தட்டினாள், எதையோ திருகினாள், அப்புறம் அசையாமல் இருந்தாள்.

கீழே தையல் மிஷின் நின்றிருந்தது. டெய்லர் டீ குடிக்கப் போயிருப்பார் என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.

கடைசி ஒயரும் பிரிந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"போதுமா டீச்சர்? ஒயரைச் சுத்தி வச்சிரட்டா?"

"ம்," என்றாள் ஜெசிந்தா.

அன்றைக்கு வகுப்பில் பிரேமா பாடினாள், எல்லோரும் கை தட்டினார்கள். தனிப் பாட்டு யாருக்கு என்று அடுத்த வாரம் சொல்வதாக ஜெசிந்தா சொன்னாள். நின்றுகொள்கிறேன் என்று சொல்லியிருந்த வடிவு, அதைக் கேட்டுவிட்டே நின்றுகொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

*

அடுத்த சனிக்கிழமை படியில் பாதி ஏறும்போதே பாட்டுக் கேட்டது.

தூளிப் பாட்டு. பின்னால் தம்பூரா மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

கதவு சாத்தியிருந்தது. வாசலில் டீச்சருடையதைத் தவிர ஒரே ஒரு ஜோடி செருப்பு. பொன்னிற வார்.

வடிவு கதவைத் தட்டவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இது பிரேமா வழக்கமாகப் பாடுகிற மாதிரி இல்லை. அந்தக் கீச்சுக் குரல் இல்லை. கீழே, அடிவயிற்றிலிருந்து, மண்பானையில் தண்ணீர் நிறைகிற மாதிரி கனத்து வந்தது.

எப்போது இவள் இவ்வளவு கீழே இறங்கினாள்? டீச்சர் தனியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு ஒயர், அவளுக்குத் தனி வகுப்பு. ஆறு கட்டையையும் வைத்துக்கொண்டு, என் மூன்றரையையும் எடுத்துக்கொண்டாளே பாவி!

"என்ன யக்கா, படியில உக்காந்துட்டீக?" பாக்கியம் மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"உஸ். உள்ள பிரேமா பாடுதா."

பாக்கியம் காதைக் கொடுத்துக் கேட்டாள். அவள் முகம் மாறிற்று.

"நல்லாத்தானே பாடுதா."

"எங்கட்டி நல்லா இருக்கு? ரெண்டாவது வரியில மூச்சு வாங்குதா பாரு. கேட்டியா? இந்த எழுத்தை முழுங்கிட்டா. இப்ப பாரு, இழுப்பா... இழுத்துட்டாளா?"

"உங்க காது என்னக்கா காது! டீச்சருக்கே இவ்ளோ தெரியுமா?"

"இன்னும் இருக்கு. இந்த இடத்துல..."

வடிவு பேச்சை நிறுத்தினாள்.

அந்த இடத்தில் குரல் ஒன்றையும் செய்யவில்லை. தூளி போய்த் திரும்புவதற்கு முன்னால் ஒரு கணம் அந்தரத்தில் நிற்குமே, அப்படி நின்றது. பிறகு தானாக வந்தது.

பாக்கியம் காத்திருந்தாள். "இந்த இடத்துல என்னக்கா?"

"எனக்கு வராது."

"எது?"

"இது. ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்கு இது வராது."

கண்ணில் நீர் முட்டியது. புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். அழுகைக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. எழுந்தாள். செருப்பை உதறினாள். அது போய் அந்த இன்னொரு ஜோடியின் மேல் விழுந்தது.

"யக்கா, எங்க போறீக? யக்கா!"

"நாக்கப் புடுங்குத மாதிரி ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

கதவைத் தள்ளினாள்.

*

பிரேமா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் நிறைய முறுக்கு.

பாட்டு நிற்கவில்லை.

வடிவு பிரேமாவின் வாயைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். மறுபடியும் பிரேமாவின் வாயைப் பார்த்தாள்.

பிரேமா முறுக்கை விழுங்கினாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"வாட்டி. இதக் கேளு. நான் வந்ததிலேர்ந்து ஓடுது. யாரு யாருன்னு கேக்குதேன், டீச்சர் வாயத் திறக்க மாட்டேங்காங்க." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு வயிறு எரியுதுட்டி. என்கிட்ட சொல்லாம வெளியேர்ந்து யாரையோ பாடக் கூட்டிட்டு வராங்க. இந்த மாதிரி நம்ம ரெண்டு பேருக்கும் என்னைக்கு வரும்?"

ஜெசிந்தா லேப்டாப் முன்னால், அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

தூளி கடைசியாக ஒரு தடவை போய்விட்டு வந்தது. நின்றது.

ஸ்பீக்கரில் வளையல்கள் உரசின. தரையில் ஒயர் இழுபட்டது. பிறகு அந்தக் கனத்த குரலே பேசிற்று:

"போதுமா டீச்சர்? ஒயரைச் சுத்தி வச்சிரட்டா?"

பிரேமாவின் கையிலிருந்த முறுக்கு கீழே விழுந்தது. வாசலில் பாக்கியம் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெசிந்தா நாற்காலியைத் திருப்பினாள். வடிவின் முகத்தைப் பார்த்தாள்.

"போதுமாக்கா?" என்று கேட்டாள்.